விருந்தாளிக்குத் தெளிந்த கிணறு

பெருமழை பெய்த வருஷத்துக்கு அடுத்த கோடையில், தாசரிக்குப்பத்து ஜெயம்மா வீட்டுக் கிணறு ஆள் பார்த்துத் தண்ணீர் கொடுக்கத் தொடங்கியது. வீட்டாருக்குக் கறுப்பு, விருந்தாளிக்குத் தெளிவு. ஒரே வாளிதான், ஒரே கயிறுதான். ஜெயம்மா எட்டிப் பார்த்தால் பழைய டீத்தூளை நாள்கணக்கில் ஊறப்போட்ட மாதிரி ஒரு கறுப்பும், அதன்மேல் நுரையும், மூக்கைப் பொத்த வைக்கும் நெடியும் இருக்கும். அவள் பக்கத்திலேயே நிற்கும் வெளியூர்க்காரருக்கோ அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரியும். குடித்துப் பார்த்தவர்கள் இனிப்பாக இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு வயிறும் ஒன்றும் செய்யவில்லை.

தாசரிக்குப்பம், திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் வந்துவிடும். ஊருக்கு மேற்கே ஒரு பழைய கல்குவாரிப் பள்ளம். கல் தீர்ந்ததும் அதில் குப்பை கொட்ட ஆரம்பித்தார்கள். அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருப்பதாகவும், ஒரு சொட்டுகூட மண்ணில் இறங்காது என்றும் அப்போது கூட்டம் போட்டுச் சொன்னார்கள். ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறி வந்து போகிற ஜனங்களின் எச்சில் இலை, வாடிய பூமாலை, டீ கப் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. பெருமழையில் விரிப்பு கிழிந்தது. குப்பை ஊறிய தண்ணீர் வெளியே தெரியாமல் மண்ணுக்குள்ளேயே நடந்து ஊருக்கு வந்தது. கிடங்கை நடத்தியவர்கள் யார் என்று எழுதிப் பயனில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பெயர்ப்பலகை மாறிக்கொண்டிருந்தது.

கிணற்றுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவள் ஜெயம்மாதான். தண்ணீரைச் சோதிக்க அரக்கோணத்திலிருந்து ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை தூரம் வருகிற மனுஷருக்கு இந்தத் தண்ணீரையா காட்டுவது? கூச்சம் அவளைப் பிடுங்கித் தின்றது. புருஷன் சின்னசாமியை விரட்டி மோட்டார் போட்டுக் கிணற்றை இறைக்கச் சொன்னாள். சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவி, கரும்புத் தோட்டத்துக்காரரிடம் கேட்டு ஒரு டேங்கர் நல்ல தண்ணீரை வாங்கி உள்ளே விட்டார்கள். வந்தவர் சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போனார். தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று அறிக்கை வந்தது. அதைப் படித்துக் காட்டக் கேட்டபிறகுதான் ஜெயம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சிரிக்க வேண்டாம், இந்தப் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். வீட்டில் எழவே விழுந்திருந்தாலும் வந்தவருக்கு முகத்தைக் கழுவிக்கொண்டுதான் தண்ணீர் கொடுப்பார்கள்.

அப்படி வந்து மோர் குடித்தவர் மணவாளன். அரக்கோணத்தில் ஒரு மண், நீர் பரிசோதனை நிலையத்தில் மாதிரி எடுக்கும் அதிகாரி. தோல் தொழிற்சாலை ஓடை, சாயப்பட்டறைக் கால்வாய், செத்த மீன் மிதக்கும் ஏரி என்று ஊர் ஊராகப் போய்ப் பாட்டிலில் மொண்டுவருவதே அவருக்குப் பிழைப்பு. மொண்டுவந்த எதுவும் எங்கேயும் சுத்தமானதாக அவருக்கு நினைவில்லை. அறிக்கை போகும், அடுத்த வருஷம் அதே ஓடைக்கு மறுபடி அனுப்புவார்கள். முழங்கால் தேய்ந்துவிட்டது. மனைவி தவறிப் பல வருஷம். உடன்பிறந்தவர் என்று யாரும் கிடையாது. ரயில்வே கேட் பக்கம் ஒரு வாடகை வீட்டில் ஒண்டிக்கட்டையாக இருந்தார். ஜெயம்மா போன் செய்து மறுபடி வரச் சொன்னபோது அவருக்கு அலுப்புத்தான் வந்தது.

இரண்டாம் முறை போனபோது ஜெயம்மா வாசலிலேயே நின்றாள். இடுப்பில் மூன்று வயசுப் பெண் குழந்தை தணிகா, தலையைச் சொறிந்துகொண்டே இருந்தது.

"சார், போன தபா நாங்கதான் கெணத்தக் கழுவி நல்ல தண்ணி ஊத்தி வச்சோம். தப்புதான். இந்த தபா ஒண்ணும் செய்யல. நீங்களே மொண்டு பாருங்க."

மணவாளன் மொண்டார். தெளிவாக வந்தது. பாட்டிலை அதே தண்ணீரால் அலசி, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி மூடினார். உப்பு அளக்கும் மீட்டரை விட்டுப் பார்த்தால் மழைத்தண்ணீர் மாதிரி காட்டியது.

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"இன்னா சார் நல்லா கீது? கறேல்னு நாறிகினு கீது!" ஜெயம்மா அழாத குறை.

அப்போது வேனை நிறுத்திவிட்டு வந்தான் முக்தார் அகமது. நிலையத்தின் வேன் ஓட்டுகிறவன். கிணற்றை எட்டிப் பார்த்தவன் லுங்கி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். "அல்லா! சார், இந்தாண்ட வந்துடுங்க. தலவலி வந்துடும்." மணவாளன் மீட்டரை அவன் கையில் கொடுத்தார். முக்தார் அதை வாளித் தண்ணீரில் நனைத்தான். எண்கள் மளமளவென்று ஏறி, அதற்குமேல் காட்ட முடியாமல் நின்றன. மணவாளன் மீட்டரைத் திரும்பத் தன் கையில் வாங்கினார். எண் சரசரவென்று இறங்கி மழைத்தண்ணீருக்கு வந்தது.

விஷயம் வேனில் திரும்பும்போதுதான் தெரிந்தது. தணிகா பிறந்தபோது திருத்தணி ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தது முக்தாரின் மனைவி சர்வர் பேகம். அவளுக்கு சுபியா பிறந்த வாரம். ஜெயம்மா ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்ததால், சர்வர் பேகம் ஒரு பக்கம் சுபியாவையும் மறு பக்கம் தணிகாவையும் போட்டுப் பால் கொடுத்தாள். "எங்க வழக்கத்துல பால் குட்ச்சா புள்ளதான் சார். சுபியாவும் அதுவும் அக்கா தங்கச்சி. நான் அதுக்கு நைனா முறை" என்றான் முக்தார். கிணற்றுக்கும் அந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

மணவாளன் ஊரின் மற்றக் கிணறுகளையும் போய்ப் பார்த்தார். பழக்கம் கசிவின் கூடவே மண்ணுக்கடியில் பரவியிருந்தது. கசிவு போகாத கிழக்குத் தெருவில் தண்ணீர் எல்லாருக்கும் ஒரே மாதிரி உப்புக் கரித்தது. கசிவு போன மேற்குத் தெருவில் அவருக்கு மட்டும் பன்னீராக இருந்தது. இந்த மண்ணில் இவ்வளவு நல்ல தண்ணீர் கிடையாது, அதனாலேயே சந்தேகப்பட வேண்டும் என்று நிலையத்தின் மேலாளர் நாகராஜனிடம் சொன்னார். நாகராஜன் கெட்டவர் அல்ல, காலையிலிருந்து மாலைவரை கையெழுத்துப் போட்டுக் களைத்துப் போனவர்.

"தண்ணி நல்லா இருக்குன்னு யாருய்யா புகார் எழுதுவாங்க? ஒரே ஒரு பாட்டில், கெட்டுப்போனதுன்னு காட்டு. அன்னிக்கே பள்ளத்த மூடச் சொல்லி மேல எழுதறேன், பைப் தண்ணிக்கும் எழுதறேன்."

அந்த ஒரு பாட்டில்தான் பிரச்சினை. முக்தார் எடுத்தால் செல்லாது, டிரைவர் எடுத்த மாதிரியை யாரும் சோதிக்கமாட்டார்கள். ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தாலும் செல்லாது, வாங்குகிறவர் கைக்கு வந்ததுமே அது தெளிந்துவிடும். இதற்கிடையில் ஊர் அந்தத் தண்ணீரில்தான் குளித்துத் துவைத்துக்கொண்டிருந்தது. குடிக்க மட்டும் கிழக்குத் தெருவிலிருந்து குடத்தில் வரும். அந்த ஒரு தெருத் தண்ணீர் ஊர் முழுக்கக் குளிக்கக் காணாது.

அடுத்த முறை மணவாளன் போனபோது ஜெயம்மா நாற்காலி போட்டாள். மோர் கொடுத்தாள். டம்ளரைத் திரும்ப வாங்கும்போது தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல சார். மாமன் மடி இல்லாம இவளுக்கு இன்னும் காது குத்தல. மலைல மொட்ட போட்டு காது குத்தறோம். நீங்க மடில வச்சிப்பீங்களா?"

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். முக்தார் உறவுதான், ஆனால் நைனா முறை. நைனா மடியில் வைத்துக் காது குத்துகிற வழக்கம் எங்கேயும் இல்லை. மணவாளனுக்குச் சங்கடமாக இருந்தது. வேலைக்குப் போன இடத்தில் உறவு கொண்டாடக்கூடாது என்று இத்தனை வருஷம் ஒரு வீட்டில்கூடச் சாப்பிடாமல் இருந்தவர். முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குழந்தை அவர் மாதிரி பாட்டில்களை வைக்கும் ஐஸ் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டார்.

சாதாரண ஒரு புதன்கிழமை. மலையில் கூட்டமில்லை. மணவாளனுக்குச் சின்னசாமி புது வேட்டி எடுத்திருந்தான், மாலையும் போட்டான். முழங்காலை மடக்கிச் சம்மணம் போடுவதற்கே அவருக்கு உயிர் போய் வந்தது. மடியில் தணிகா. மொட்டை அடிக்கிறவர் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தவர், நிறுத்திவிட்டு ஜெயம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புண்களைச் சுற்றிச் சுற்றி மெதுவாக வழித்தார். முடி இறங்க இறங்க உச்சந்தலை முழுக்க ஆறாத புண்ணும் ஆறிய தழும்புமாக வெளியே வந்தது. மணவாளன் எத்தனையோ இடத்தில் எத்தனையோ மாதிரி எடுத்திருக்கிறார். ஐஸ் பெட்டியில் வைக்க முடியாத மாதிரியை அன்றுதான் பார்த்தார். மலைச் சந்தனத்தைக் குழைத்து அவரே பூசினார். காது குத்தும்போது குழந்தை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தியதில் அவரும் அழுதுவிட்டார்.

இறங்கி நேராகக் கிணற்றுக்குத்தான் வந்தார்கள். வாளியை இழுக்கும்போதே நெடி அடித்தது. கறேலென்று இருந்தது. மணவாளன் குனிந்து அதைப் பாட்டிலில் மொண்டார். சின்னசாமி முதல்தடவையாக அவரை சார் என்று கூப்பிடாமல், மச்சானைக் கூப்பிடுகிற மாதிரி, "பாவா, வேட்டில பட்டுடப் போவுது, ஓரமா நில்லு" என்றான். அன்றைக்கு யாரும் அவருக்கு மோர் கொடுக்கவில்லை. உள்ளே போய் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டு ஜெயம்மா குழந்தைக்குச் சோறு ஊட்டப் போய்விட்டாள்.

பாட்டிலை நிலையத்துக்குக் கொண்டுவந்து அவரே பரிசோதித்தார். அம்மோனியா, குளோரைடு, ஈயம் எல்லாம் வரம்பைத் தாண்டித் தாண்டி நின்றன. அறிக்கை எழுதினார். கடைசிப் பக்கத்தில் எல்லா அறிக்கைக்கும் உள்ள கேள்விதான்: புகார்தாரருக்கும் ஆய்வு செய்தவருக்கும் உறவு உண்டா? உண்டு என்றால் அந்த அறிக்கை தள்ளுபடி, வேறு ஆள் போக வேண்டும். பாட்டில் மேஜைமேல் எதிரே இருந்தது. அவர் பேனாவை எடுத்து 'இல்லை' என்று எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே பாட்டிலில் கறுப்பு கழுத்திலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது. எழுதி முடித்தபோது பாட்டில் பளிங்காக இருந்தது. உறவில்லாதவனுக்கு எப்படிக் காட்டும்? எழுதியதை அடித்தார். மெல்ல மெல்லக் கறுப்பு திரும்பி வந்தது.

மணவாளன் பேனாவை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று எழுதினால் காட்ட எதுவும் இருக்காது. உண்டு என்று எழுதினால் காட்டுவது செல்லாது. பொய்யான அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் பாட்டிலில் இல்லாத எண்ணை அவர் ஒருநாளும் எழுதியதில்லை. சலிப்பு தாங்காமல் கண்ணை மூடினால் சந்தனம் பூசிய தலைதான் வந்தது. அவரை மாமா என்று கூப்பிட உலகத்தில் வேறு யாரும் இல்லை. அடித்த இடத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில், 'தாய்மாமன்' என்று எழுதினார்.

நாகராஜன் அதைப் படித்துவிட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அறிக்கையைத் தள்ளுபடி செய்து, இனி தாசரிக்குப்பம் பக்கமே போகக்கூடாது என்று மணவாளனுக்கு உத்தரவு போட்டார். மணவாளன் வேலைக்காகப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனாகப் போனார். மாமன் சீராக அவர் கொண்டுபோனது கேன் தண்ணீர், முக்தாரின் வேனில் ஏற்ற முடிந்த மட்டும். அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டியதில் தணிகாவின் தலை ஆறியது. மற்றக் குழந்தைகளின் தலை ஆறவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிலையத்திலிருந்து ஜெகநாதன் என்கிற பையன் அனுப்பப்பட்டான். அவனுக்கும் தெளிந்த தண்ணீர்தான் வந்தது. தாசரிக்குப்பத்தில் அண்ணன் தம்பி இல்லாத பெண்கள் வேறு சிலரும் இருந்தார்கள், குத்தாத காதுகளும் இருந்தன. அடுத்த பங்குனிக்குள் அவனும் மாமன் ஆனான், கறுப்பைப் பார்த்தான், எழுதினான், தள்ளுபடி ஆனான். அவனுக்குப் பிறகு போன வேணுவும் அப்படியே. ஷோபனா என்று ஒரு பெண்ணை அனுப்பினால் இது நடக்காது என்று நாகராஜன் கணக்குப் போட்டார். மாமனுக்குத்தான் மடி வேண்டும், அத்தைக்குச் சடங்கே தேவையில்லை, குழந்தையின் கால்கொலுசை மாட்டிவிட்டாலே போதும் என்று மேற்குத் தெருவில் முடிவானது. சில வருஷத்தில் நிலையத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் எல்லாரும் மருமகப்பிள்ளைகளின் பல் முளைத்த கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். தள்ளுபடியான அறிக்கைகள் ஒரே அலமாரியில் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. வெளியிலிருந்து வேறொரு நிலையத்தையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் தண்ணீரைப் பாராட்டி எழுதிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் நாகராஜனே புறப்பட்டார். இந்தக் கூத்தை முடித்துவைக்கிறேன் என்று கிளம்பியவர், மாதிரி மட்டும் எடுப்பேன், யார் வீட்டிலும் உட்காரமாட்டேன், எந்தக் குழந்தையையும் தொடமாட்டேன் என்று வேனிலேயே முக்தாரிடம் சொல்லிவிட்டார். அவர் போன அன்று ஊரே மலையில் இருந்தது, மேற்குத் தெருவின் கடைசிக் குழந்தைக்குக் காதுகுத்து. கிணற்றடியில் சாட்சிக்கு ஆளில்லாததால் அவரும் மலைக்குப் போக வேண்டியதாயிற்று. களைத்துப்போய் ஒரு தூண் ஓரம் உட்கார்ந்தார். மாமனாக அமர்த்தி வைத்திருந்த தூரத்துச் சொந்தக்காரர் மடியிலிருந்து குழந்தை வீறிட்டு இறங்கியது, தவழ்ந்து தவழ்ந்து வந்து நாகராஜன் மடியில் ஏறிச் சட்டைப் பேனாவைப் பிடித்துக்கொண்டு அடங்கிவிட்டது. காது குத்துகிறவருக்குப் பின்னால் நாலைந்து குடும்பம் காத்திருந்தது. அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நாகராஜன் 'ஐயையோ' என்பதற்குள் இரண்டு காதும் முடிந்துவிட்டது.

சாயங்காலம் நாகராஜன் கிணற்றில் வாளியை இழுத்தார், கறுப்பாகத்தான் வந்தது. பக்கத்தில் மணவாளன் இருந்தார்.

"இத்தன வருஷமா இதையாய்யா பார்த்துகினு இருந்தீங்க?"

"ஆங் சார்."

"ஏன்யா என்னை அப்பவே இழுத்துகினு வரல?"

மறுநாள் நாகராஜன் அலமாரியிலிருந்த அறிக்கைகளை எல்லாம் வெளியே எடுத்தார். தன்னுடையதை எழுதி, உறவுக் கேள்விக்கு நேரே தாய்மாமன் என்று போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார். தள்ளுபடி செய்ய வேண்டியவர் அவர்தான், அவர் செய்யவில்லை. மொத்தக் கட்டும் மேலே போனது. அங்கே படித்துப் பார்த்து உத்தரவு போட்டார்கள் என்றும், படிக்க அலுத்துப்போய்ப் போட்டார்கள் என்றும் இரண்டுவிதமாகச் சொல்கிறார்கள். பள்ளத்தில் குப்பை கொட்டுவது நின்றது. கசிவைத் தடுத்துச் சுவர் எழுப்பினார்கள். மறு கோடையில் மேற்குத் தெருவுக்குக் குழாய் வந்தது. மண்ணுக்குள் போன கசிவு தானாக வெளியேற ஒரு தலைமுறை ஆகலாம் என்று ஷோபனா கணக்குப் போட்டுச் சொன்னாள். கிணறுகள் தங்கள் பழக்கத்தை விடவில்லை, விடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

மணவாளன் ஓய்வு பெற்றுவிட்டார். கேன் தூக்க வேண்டிய வேலை இல்லை என்றாலும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறார். வந்ததும் முதல் காரியமாகக் கிணற்றை எட்டிப் பார்ப்பார். கறுப்பாக இருந்தால்தான் அவருக்கு மூச்சு சீராகும். வாழ்நாள் முழுக்கச் சுத்தமான ஒரு வாளித் தண்ணீருக்கு ஏங்கியவர், இந்த ஒரு கிணற்றில் மட்டும் அதைக் கண்டு பயந்தார். ஒரு நாள் தண்ணீர் தெளிந்து வந்தால் அது மண் தேறியதாலா, இல்லை இந்த வீடு தன்னை விட்டுவிட்டதாலா? எந்த மீட்டரும் அதைச் சொல்லாது.

போன தை மாதத்தில் ஒரு ஞாயிறு வாளியை இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கறுப்புத்தான், ஆனால் பழைய கறுப்பு இல்லை. ஓரத்தில் வாளியின் அடி லேசாகத் தெரிந்தது. வளர்ந்துவிட்ட தணிகா வாசலில் சுபியாவோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள், அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"ஜெயம்மா, இங்க வா. இதப் பாரு. உனக்கு எப்படித் தெரியுது?"

ஜெயம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள். அவள் பார்த்து முடிக்கும்வரை அவர் வாளியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

"கொஞ்சம் வெளுத்தாப்பல கீதுண்ணா. அடி தெரியுது பாரு. எனக்கும் ரெண்டு வாரமா அப்டிதான்."

மணவாளன் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். அந்த முட்டியை வச்சிகினு ஏன் குனிஞ்சி இழுக்கறே, ஒரு கொரல் குடுத்தா ஆவாதா என்று ஜெயம்மா திட்டிக்கொண்டே வாளியை வாங்கிப்போய் வாசல் மண்ணில் ஊற்றினாள்.